மீனுக்கும் ஓர் ஆறு வேண்டும்

புலி, மான், மீன் இவற்றின் தோலை உரித்துப் பதப்படுத்தி, உயிருள்ளதுபோல் நிறுத்துவதை நம்மவர்கள் 'பாடம் பண்ணுவது' என்பார்கள். இக்கலையில் இந்தியாவில் பெயர் பெற்றது மைசூர் வான் இங்கன் நிறுவனம். 1900-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி 1999 வரை அது இயங்கியது. அக்குடும்பத்தைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன் 1946-இல் கபினி ஆற்றில் பிடித்த மஹசீர் மீனின் எடை 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ!

அந்தக் காலத்தில் பாடம் பண்ணிய மீனைப் பெரும்பாலும் ஒரு பலகையில் அறைந்து சுவரில் மாட்டிவிடுவார்கள். எவ்வளவு பெரிசு என்பது தெரியும். எப்படி வாழ்ந்தது என்பது தெரியாது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, அதன் பிறகே விலங்கு, பறவை முதலான கருப்பொருளைச் சொல்கிறது. அருங்காட்சியகத்துக்கும் அந்த வரிசைதான் சரி. ஆற்றுப்படுகை முதலில், மீன் பிறகு.

எங்கள் மீனாட்சிபுரம் பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில், கேரள எல்லைக்குள் இருக்கும் ஊர். நான் படுகையைப் படித்தது எங்கள் பக்கத்துச் சித்தூர்ப்புழையில். கோடையில் தண்ணி வத்தினதும் போய்ப் பார்த்தால் மூன்று விஷயங்கள் புலப்படும்.

ஒன்று: தட்டைக் கற்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். அவற்றின் மேல்நுனி தண்ணீர் போகும் திசைக்குச் சாய்ந்திருக்கும். இரண்டு: பெரிய பாறையின் முன்பக்கம் மணல் அரித்துப் பள்ளமாகும், பின்பக்கம் பொடிமணல் ஒதுங்கும். மூன்று: பாசி வெயில் படும் மேற்புறத்தில்தான் அதிகம். மீனோ தண்ணீரை எதிர்த்துத்தான் நிற்கும். ஆகவே மீனின் தலையும் கற்களின் சாய்வும் ஒரே ஓட்டத்தைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், ஆத்துல வளர்ந்த யாரும், "இது ஆறு இல்லீங்க" என்று சொல்லிவிடுவார்கள்.

இனி செய்முறை. 12 மி.மீ. பிளைவுட் பலகையை எடுத்து, மீனைத் தாங்கும் கம்பியை முதலிலேயே அதில் முடுக்கிவிடுங்கள். கம்பி ஒரு பாறைக்குப் பின்னால் மறையும்படி இடம் பாருங்கள். பலகை மேல் தெர்மாகோலைப் பெவிகால் போட்டு ஒட்டி, கத்தியால் மேடுபள்ளம் செதுக்குங்கள். ரெசினோ தின்னரோ தெர்மாகோலில் நேராகப் பட்டால் அது கரைந்துவிடும். எனவே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்த துணித்துண்டுகளால் முழுக்கப் போர்த்தி, நன்றாகக் காய விடுங்கள்.

பெரிய பாறைகளையும் இப்படியே தெர்மாகோலில் செய்தால் கனம் இருக்காது. சாம்பல் நிறம் பூசி, ஸ்பாஞ்சால் ஒற்றி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கறுப்பும் வெள்ளையும் புள்ளியாகத் தெறித்தால் கருங்கல் போலவே வரும்.

மணலைக் கழுவி, வாணலியில் வறுத்து, பூச்சி, முட்டை எதுவும் இல்லாமல் செய்யுங்கள். சல்லடையால் மூன்று தரமாகப் பிரியுங்கள். பெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து தடவி, முதலில் கூழாங்கல், பிறகு பருமணல், கடைசியில் பொடிமணல் என்று தூவுங்கள். காய்ந்த இலை இரண்டு வேண்டுமானால், கிளிசரின் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்து ஊறவைத்தால் நொறுங்காது.

பலரும் படுகை முழுதும் பளபளவென்று வார்னிஷ் அடித்துவிடுகிறார்கள். தண்ணீருக்குள் இருக்கும் கல் கருத்துத் தெரியுமே தவிர, மின்னாது. மின்னுவது நீர்மட்டத்துக்கு மேலே நனைந்த பாறைதான். எனவே அடியில் மங்கல் வார்னிஷ், நீர்க்கரையில் மட்டும் பளபளப்பு.

இதற்காக மீனைக் கொல்ல வேண்டியதில்லை. ரெசின் வார்ப்பே போதும். இடுக்கிப் பக்கத்துப் பாம்பாற்றிலிருந்து 2007-இல் விவரிக்கப்பட்ட 'டோர் ரேமாதேவி' என்னும் மஹசீர், காவிரி நீர்ப்பரப்பின் கூன்முதுகு மஹசீரே என்று 2018-இல் தெரியவந்தது. அதே ஆண்டு, மிக அருகிவரும் இனமாகவும் அது பட்டியலிடப்பட்டது. சரணாலயத்திலிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்காதீர்கள். ஆற்று மணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்தக் கேரளத்தில் 2001-இலேயே சட்டம் வந்துவிட்டது. கட்டட வேலையில் மிஞ்சிய மணல் இரண்டு கைப்பிடி தாராளம்.

எங்கள் ஆற்றுக்கும் கணக்கு உண்டு. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் பள்ளத்தாக்குக்கு வரவேண்டியது ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர். திறந்துவிட்டால் ஓட்டம், மூடினால் குட்டை. மணலும் போய், நீரும் முறைவைத்து வருகிற ஆற்றில் நான் சொன்ன கற்சாய்வும் மணல் ஒதுக்கும் மெல்ல மெல்லக் கலைந்துபோகும். அதனால், ஊருக்குப் போகும் கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு முழ நீளம், ஒரு முழ அகலப் படுகையைக் கல் கல்லாக வரைந்துகொள்ளச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பலகையில் அதைச் செய்யட்டும். மீன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆறு எப்படி இருந்தது என்பதற்கு அது ஒரு சாட்சியாக இருக்கும்.