பகை தீர்க்கும் ஆட்டம்!

இரண்டு கூட்டத்தாருக்குள் பகை. அடிதடியும் நடந்து விட்டது. சமாதானம் செய்ய என்ன வழி?

நம் ஊர் என்றால் பஞ்சாயத்துக் கூடும். பெரியவர்கள் பேசித் தீர்த்து வைப்பார்கள். வட அந்தமானில் வாழ்ந்த ஆதிவாசிகளிடம் வேறு ஒரு வழி இருந்தது. அதுதான் ஆட்டம்!

ராட்கிளிஃப்-பிரவுன் என்ற ஆங்கில அறிஞர் 1922-ம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதை விவரித்து இருக்கிறார்.

அசையக் கூடாது!

ஒரு கூட்டத்தார் வரிசையாக நிற்பார்கள். பகைக் கூட்டத்தார் ஆடிக்கொண்டே அவர்களை நெருங்குவார்கள். மிரட்டுவது போல் குதிப்பார்கள். நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து உலுக்குவார்கள். நிற்பவர் அசையக் கூடாது. பயத்தைக் காட்டவும் கூடாது. ஆண்கள் முடித்ததும் பெண்கள் வந்து உலுக்குவார்கள்.

கோபம் எல்லாம் ஆட்டத்தில் கொட்டித் தீர்ந்து விடும். பிறகு இரு தரப்பாரும் ஒன்றாக உட்கார்ந்து அழுவார்கள். வில்லை மாற்றிக் கொள்வார்கள். சில நாட்கள் ஒன்றாகத் தங்கி, சேர்ந்து வேட்டையாடுவார்கள், சேர்ந்து ஆடுவார்கள்.

நேற்றுப் பகைவர். இன்று ஆட்டத் துணை!

காரணம் என்ன?

சேர்ந்து ஆடுவதில் அப்படி என்ன சக்தி இருக்கிறது?

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பிரேசில் நாட்டில் ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2015-ம் ஆண்டு வெளிவந்தது. பள்ளி மாணவ-மாணவிகள் 264 பேரை ஆட வைத்தார்கள். சிலர் ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் ஆடினார்கள். சிலருடைய ஆட்டம் ஒன்றோடு ஒன்று சேரவில்லை.

ஆடுவதற்கு முன்பும் பின்பும், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி இறுக்கினார்கள். எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று கவனித்தார்கள்.

ஒன்றுபோல் ஆடியவர்கள் கூடுதலாக வலி தாங்கினார்கள்! கூட ஆடியவர்களிடம் அவர்களுக்கு நெருக்கமும் கூடி இருந்தது.

வலியைக் குறைத்து மகிழ்ச்சி தரும் "எண்டார்ஃபின்" என்ற பொருள் நம் உடலிலேயே சுரக்கிறது. சேர்ந்து ஆடும்போது அது அதிகமாகச் சுரப்பதே இதற்குக் காரணம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

நம் வீட்டுக் கும்மி

இந்தச் சுகத்தை நம் பாட்டிமார்கள் அறிவார்கள். அவர்கள் அதற்குக் கும்மி என்றும் கோலாட்டம் என்றும் பெயர் வைத்தார்கள்.

ஊருக்குப் புதிதாக வந்த மருமகள் கூச்சத்தோடு ஓரமாக நிற்கிறாள். யாரோ ஒருத்தி, "வாம்மா!" என்று கையைப் பிடித்து இழுக்கிறாள். முதல் சுற்றில் தாளம் தப்புகிறது. இரண்டாவது சுற்றிலும் தப்புகிறது. மூன்றாவது சுற்றில் எல்லோர் கையோடும் அவள் கையும் சேர்ந்து தட்டுகிறது. பெயர் தெரியாத பெண்கள் சிரிக்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள். இனி இது அவள் ஊர்!

ஓரகத்திகள் இருவர் பேசுவது இல்லை. கோலாட்டத்தில் இருவரும் எதிர் எதிரே வந்து விட்டால்? கோலைத் தட்டித்தானே ஆக வேண்டும்! தட்டிய கோல், பேசாத வாயையும் திறந்து விடும்.

அழகாக ஆடத் தெரிய வேண்டும் என்பது இல்லை. சேர்ந்து ஆடினால் போதும். அடுத்த பொங்கலுக்கோ, திருவிழாவுக்கோ கும்மி நடக்கும்போது ஓரமாகப் பாருங்கள். யாராவது ஒருவர் தனியாக நிற்பார்.

அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து விடுங்கள்!