சிறையாயிருந்த கோட்டை

சென்ற மாதம் வேளாங்கண்ணித் திருப்பயணம் முடித்துத் திரும்புகையில், கோட்டையூரிலிருந்து எம்முடன் வந்த குடும்பத்தார் தரங்கம்பாடிக் கோட்டையைக் காண விழைந்தனர். நாகையும் காரைக்காலும் கடந்து அவ்வூரை அடைந்தபோது வெயில் தணிந்திருந்தது. கடலை நோக்கி நிற்கும் அக்கோட்டையின் பெயர் டேன்ஸ்போர்க். தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவைப் பெற்று, டென்மார்க் நாட்டுக் கப்பற்படைத் தலைவர் ஓவ் கெட்டி 1620-ஆம் ஆண்டில் அதனை எழுப்பத் தொடங்கினார். மிளகு வாணிபமே அவர்தம் நோக்கம். வாணிபத்தைக் காக்கப் பீரங்கிகள்.

1845-இல் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றனர். வீரர் அகன்ற கோட்டை பின்னாளில் பயணியர் விடுதியாயிற்று. 1978-இல் தமிழகத் தொல்லியல் துறையின் பொறுப்பில் வந்து, அடுத்த ஆண்டு முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. சீனத்துச் சாடிகள், வாள்கள், பீங்கான் கலங்கள், திமிங்கலத்தின் எலும்புகள் ஆகியவை அங்கே உள்ளன. சிறுவர்கள் எலும்பைவிட்டு நகர மறுத்தனர்.

அப்போது ஒரு தாய், “சாமி, இங்கே யாரை அடைத்து வைத்திருந்தார்கள்?” என்று கேட்டார். அவ்வினாவே எம்மை இதனை எழுதத் தூண்டிற்று.

அடைபட்டோருள் ஒருவர் சீகன்பால்கு. டென்மார்க் மன்னர் அனுப்ப, 1706-இல் வந்திறங்கிய லுத்தரன் போதகர். அவரைச் சிறையிட்டவரோ அம்மன்னரின் கீழ்ப் பணியாற்றிய கோட்டைத் தலைவரே! நாவிதர் ஒருவரின் கைம்பெண்ணுக்கும், வணிகக் குழுமத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த ஒருவருக்கும் கடன் வழக்கு. சீகன்பால்கு அப்பெண்ணுக்காகப் பரிந்து பேசினார், தலைவர் சினந்தார். 1708-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி ஏறத்தாழ நான்கு மாதம் சிறைவாசம். அம்மொழிபெயர்ப்பாளர் ஒரு கத்தோலிக்கர் என்பதையும் யாம் மறைக்க விரும்பவில்லை.

நம் வீரமாமுனிவர் தரங்கம்பாடியாரை மறுத்து நூல்கள் இயற்றியவர். கொள்கையில் யாம் அவர் பக்கமே. ஆயினும் ஏழைக் கைம்பெண்ணுக்காகச் சிறை புகுந்தவரை வாழ்த்தாதிருக்க எம் மனம் ஒப்பவில்லை. விடுதலையான பின் அவர் புதிய ஏற்பாட்டின் தமிழாக்கத்தை நிறைவு செய்தார். அச்சுப்பொறியும், ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகளும் வந்து சேர, 1715-இல் அது தரங்கம்பாடியிலேயே முழுமையாக அச்சேறியது. (தமிழ் அச்சுக்கு முன்னோடி நம் அண்டிரிக் அடிகளாரே, அவரது ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சானது. இதனையும் சொல்லாமல் விட எமக்கு மனமில்லை!)

வாளையும் பீங்கானையும் பார்த்துத் திரும்புவோருக்கு இந்தச் சிறைவாசத்தையும் எடுத்துச்சொல்ல வழிகாட்டிகள் வேண்டும் என்பது எம் வேண்டுகோள். பீரங்கியைக் காண வேறு கோட்டைகள் உண்டு. திருமயம் நமக்கு அருகிலேயே இருக்கிறது.

திரும்பும் வழியில் பேருந்திலும் பேச்சு அச்சு நூல்களைப் பற்றியே சென்றது. நம் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் பழந்தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் திரட்டியதையும், 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியதையும், அது 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நடைபெறுவதையும் சொன்னோம். எம்முடன் வந்த இளைஞருள் பாதிப்பேர் அவர் பெயரையே கேட்டதில்லை. வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர் வாழ்ந்த தெருவுக்கு அவர்களை அழைத்துச் செல்வதாக வாக்களித்திருக்கிறோம்.