ஊர் கூடிப் பேணும் நலம்

சித்தூர் நகரிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில், பாகுதா ஆற்றின் கரையில் அமைந்துள்ளது காணிப்பாக்கம். வரசித்தி விநாயகர் எழுந்தருளியுள்ள இத்தலத்தின் பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படும் கதை இப்பகுதி மக்கள் அனைவரும் அறிந்ததே. முன்னொரு காலத்தில் இங்கு மூன்று சகோதரர்கள் வாழ்ந்தனர். ஒருவருக்குப் பார்வை இல்லை. ஒருவருக்குச் செவி கேளாது. ஒருவருக்குப் பேச்சு வராது. தங்களுக்கிருந்த சிறு நிலத்தை மூவரும் சேர்ந்து ஏற்றம் இறைத்துப் பயிரிட்டு வந்தனர். கிணறு வற்றியபோது ஒருவர் உள்ளே இறங்கித் தோண்ட, மண்வெட்டி ஒரு கல்லில் பட்டுக் குருதி பெருகியது. அக்கணமே மூவரின் குறைகளும் நீங்கின. செய்தியறிந்து ஊரார் திரண்டு வந்து உடைத்த தேங்காய்களின் நீர் ஒரு காணி நிலத்துக்குப் பாய்ந்ததால், இவ்வூர் காணிப்பாக்கம் எனப் பெயர் பெற்றது என்பது நம்பிக்கை.

இக்கதையில் அற்புதம் நிகழ்வது பிற்பகுதியில்தான். அதற்கு முன்பே, ஒருவர் குறையை மற்றவர் நிறைவு செய்து அம்மூவரும் ஒரு நிலத்தை விளைவித்து வந்தார்கள். இன்று நம் ஊர்களில் சுகாதார நிலையங்கள் உள்ளன. மருத்துவர்களும் செவிலியரும் உள்ளனர். அரசுத் திட்டங்களும் குறைவின்றி உள்ளன. ஆயினும் அவை முழுப் பயன் தர வேண்டுமானால், அந்த மூவரிடம் இருந்த ஒன்று தேவைப்படுகிறது. அதுவே ஊராரின் பங்கேற்பு. அது இருந்த இடங்களில் என்ன நிகழ்ந்தது என்பதற்குத் தொலைவில் சென்று சான்று தேட வேண்டியதில்லை.

மலைக்காற்றிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு

அக்காலச் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த மதனப்பள்ளிக்கு அருகே, 1915ஆம் ஆண்டில் காசநோயாளிகளுக்கென ஒரு சானடோரியம் இயங்கத் தொடங்கியது. பல மிஷன் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து நிறுவிய அவ்விடத்துக்கு ஆரோக்கியவரம் என்று பெயர். டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் கிறிஸ்தியன் பிரிமோட் மோலர் அதனை வழிநடத்தினார். நோயை அழிக்கும் மருந்துகள் கண்டறியப்படாத காலம் அது. தூய காற்று, சத்துணவு, நீண்ட ஓய்வு ஆகியவையே அன்றைய சிகிச்சை. நோயாளி தம் ஊரையும் குடும்பத்தையும் விட்டு மாதக்கணக்கில் விலகியிருக்க வேண்டியிருந்தது.

மருந்துகள் வந்த பின்னரும் ஓர் ஐயம் நீடித்தது. ஏழை நோயாளியை அவரது நெருக்கடியான வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த இயலுமா? அதற்கு விடை தந்தது சென்னை. 1956இல் அங்கு நிறுவப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினரை வீட்டிலும் வைத்து ஓராண்டு சிகிச்சை அளித்து ஒப்பிட்டது. 1959இல் வெளியான முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். அவர்களது குடும்பத்தாருக்கு நோய் தொற்றும் அபாயமும் அதனால் கூடிவிடவில்லை.

மருத்துவமனையின் சுவர் அகன்றதும் புதியதொரு பொறுப்பு பிறந்தது. இருமல் நின்றதும் மருந்தை நிறுத்திவிடுவது மனித இயல்பு. பல மாதங்கள் தவறாமல் மருந்து உட்கொள்ளச் செய்வது யார்? 1997இல் நாடளாவிய திருத்தப்பட்ட காசநோய்த் திட்டம் தொடங்கப்பட்டபோது, ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கடைக்காரர் எனப் பலரும் நோயாளியின் கண்காணிப்புத் துணையாக அமர்த்தப்பட்டனர். 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட 'நிக்ஷய் மித்ரா' ஏற்பாட்டின்கீழ், தனி மனிதரோ நிறுவனமோ ஒரு காசநோயாளியின் ஊட்டச்சத்துத் தேவையைக் குறைந்தது ஆறு மாதங்களுக்கு ஏற்கலாம். ஆரோக்கியவரத்தின் சத்துணவு இன்று அண்டை அயலாரின் கைகளால் நோயாளியின் இல்லத்துக்கே வருகிறது.

ஒரு ரூபாயில் தொடங்கிய வலிமை

காணிப்பாக்கத்துக்குத் தெற்கே, வேலூர் மாவட்டத்துக் கே.வி.குப்பம் வட்டாரத்தில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1977இல் ஒரு கிராமப் பணியகத்தை நிறுவியது. ருசா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அப்பணியகத்தின் பெயரிலேயே உடல்நலமும் சமூக நலமும் இணைந்திருப்பது கருதத்தக்கது. வருமானமின்மை, குடிநீர்க் குறைபாடு, கல்வியின்மை ஆகியவற்றைத் தொடாமல் நோயை மட்டும் விரட்ட இயலாது என்பதே அதன் அடிப்படைக் கருத்து. கிராமத்துப் பெண்களே பயிற்சி பெற்றுத் தம் தெருவின் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனித்துக்கொள்ளும் முறை அங்கு வேரூன்றியது.

வடக்கே நெல்லூர் மாவட்டத்தில் இதனினும் வியப்பான ஒரு நிகழ்வு நடந்தது. 1991இல் அங்கு முழு எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. இரவுப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பெண்கள், குடியால் சிதையும் குடும்பத்தைப் பற்றிய பாடத்தில் தங்கள் கதையையே கண்டனர். தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் திரண்டு தங்கள் ஊருக்குச் சாராயம் வருவதைத் தடுத்தனர். அந்தப் பொறி மாவட்டம் கடந்து பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திர மாநிலம் முழுவதும் சாராய விற்பனை தடை செய்யப்பட்டது. சாராயத்துக்குச் செலவான பணத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கும் அப்பெண்களே விடை கண்டனர். நாளொன்றுக்கு ஒரு ரூபாய் வீதம் சேமிக்கும் 'பொதுப்பு லட்சுமி' குழுக்கள் மாவட்டமெங்கும் தோன்றின.

1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களைக் கொண்டு முன்னோடியாகத் தொடங்கிய சுய உதவிக் குழு – வங்கி இணைப்புத் திட்டம் பின்னாளில் ஆந்திரத்தில் பெருவளர்ச்சி கண்டதற்கு இத்தகைய விழிப்புணர்வே உரமாயிற்று. சேமிப்புக்காகக் கூடும் பெண்கள் சேமிப்பைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தடுப்பூசி போடப்பட்டதா, அடுத்த தெருப் பெண்ணுக்கு இரத்தசோகை உள்ளதா என்பனவும் அங்கு பேசப்படுகின்றன. அந்தப் பேச்சுக்கு உயிர் காக்கும் ஆற்றல் உண்டு என்பது அறிவியல் முறைப்படி மெய்ப்பிக்கப்பட்டுள்ளது.

பேசிப் பேசிக் காத்த உயிர்கள்

ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களில் பழங்குடி மக்கள் மிகுதியாக வாழும் மூன்று மாவட்டங்களில், 2005 முதல் 2008 வரை 'ஏக்ஜுட்' என்னும் அமைப்பு ஓர் ஆய்வை நடத்தியது. புதிய மருத்துவமனை எதுவும் கட்டப்படவில்லை. விலையுயர்ந்த கருவிகள் எவையும் வாங்கப்படவில்லை. உள்ளூர்ப் பெண் ஒருவர் ஒருங்கிணைக்க, பெண்கள் மாதம் ஒருமுறை கூடினர். படங்கள், கதைகள், விளையாட்டுகள் வழியே, பிறந்த குழந்தைகள் தங்கள் ஊரில் ஏன் இறக்கின்றன என்று பேசினர். எதை முதலில் மாற்றுவது என்று தாங்களே தேர்ந்தெடுத்தனர். அதனைத் தங்கள் ஊராரிடம் எடுத்துரைத்துச் செயற்படுத்தினர்.

2010இல் லான்செட் இதழில் வெளியான இதன் முடிவின்படி, குழுக்கள் கூடிய பகுதிகளில் பச்சிளங்குழந்தைகளின் இறப்பு, ஏனைய பகுதிகளைக் காட்டிலும் மூன்றாண்டு காலத்தில் 32 சதவீதம் குறைவாக இருந்தது. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளை மட்டும் கணக்கிட்டால் குறைவு 45 சதவீதம். கைகளைக் கழுவிப் பிரசவம் பார்த்தல், தூய பிளேடால் தொப்புள்கொடியை அறுத்தல் போன்ற எளிய பழக்கங்கள் பரவியமை இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்பட்டது. மூன்றாம் ஆண்டில் தாய்மார்களின் மனச்சோர்வும் வெகுவாகக் குறைந்திருந்தது.

இங்கு கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இந்த மாற்றம் முதலாண்டிலேயே கைகூடிவிடவில்லை. ஒரு குழு தன்னை நம்பத் தொடங்குவதற்கும், அதன் சொல் ஊரில் ஏறுவதற்கும் காலம் பிடிக்கிறது. தொடர் வைப்புக் கணக்கில் மாதந்தோறும் இடும் சிறுதொகை, தொடக்கத்தில் பெரிதாகத் தோன்றாமல் முதிர்வில் பெருகி நிற்பதைப் போன்றதே இதுவும்.

குழு உண்டு, கூட்டம் உண்டா?

2005 ஏப்ரல் 12 அன்று தொடங்கப்பட்ட தேசிய ஊரக சுகாதார இயக்கம், இந்த உண்மையைக் கொள்கையாகவே ஏற்றது. கிராமந்தோறும் சுகாதாரம், தூய்மை மற்றும் ஊட்டச்சத்துக் குழு ஒன்று அமைக்கப்பட வேண்டும் என அது வகுத்தது. ஊராட்சி உறுப்பினர், ஆஷா பணியாளர், அங்கன்வாடிப் பணியாளர், சுய உதவிக் குழுவினர், சேவையைப் பயன்படுத்தும் பொதுமக்கள் எனக் குறைந்தது 15 பேர் இதில் இடம்பெற வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேரேனும் பெண்களாக இருத்தல் வேண்டும். மாதம் ஒருமுறை கூட வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. ஊரின் தேவையறிந்து செலவிட ஆண்டுக்கு 10,000 ரூபாய் கட்டற்ற நிதியாக ஒதுக்கப்பட்டது. அதற்கென வங்கியில் தனிக் கணக்கு. இருவர் கையெழுத்திட்டாலன்றிப் பணம் எடுக்க இயலாது.

இத்தனை நல்ல ஏற்பாடு இருந்தும், தங்கள் ஊரில் இப்படியொரு குழு இருப்பதையே அறியாதவர் பலர். கூட்டப் பதிவேட்டில் கையெழுத்துகள் மட்டும் இடம்பெற்று, பேச்சு நிகழாமல் போகும் ஊர்களும் உண்டு. அந்நிலையில் இழப்பு 10,000 ரூபாய் மட்டுமன்று. துணை சுகாதார நிலையம் ஏன் பூட்டிக் கிடக்கிறது, சர்க்கரை நோய்க்கான மாத்திரை ஏன் இம்மாதம் வரவில்லை, மலைச்சரிவில் உள்ள குடியிருப்புக்குத் தடுப்பூசி முகாம் ஏன் நடக்கவில்லை என்று முறைப்படி கேட்கும் இடத்தையே அந்த ஊர் இழந்துவிடுகிறது. அத்தகைய ஊரில் குறைகள் தேநீர்க் கடையில் பேசப்பட்டு அங்கேயே முடிந்துவிடுகின்றன.

காணிப்பாக்கத்துக்கு மற்றொரு பெருமையும் உண்டு. விநாயகர் சன்னிதியில் பொய்ச் சத்தியம் செய்ய எவரும் துணியார் என்பது இப்பகுதியின் நெடுநாள் நம்பிக்கை. பலரறிய உரைக்கப்படும் சொல்லுக்குத் தனி எடை உண்டு என்பதே அதன் உட்பொருள். சுகாதாரக் குழுவின் வரவு செலவும், நிறைவேறிய பணிகளும், நிலுவையில் உள்ள குறைகளும் கிராம சபையில் உரக்கப் படிக்கப்படும்போது, அக்கணக்கும் அத்தகைய எடையைப் பெறுகிறது. பணியாளரைக் குற்றஞ்சாட்டுவது இதன் நோக்கமன்று. மருந்து இருப்பு இல்லையென்றால் அது கிராமச் செவிலியரின் பிழையாகாது; ஊரே அவருடன் நின்று மேலிடத்தில் முறையிட்டால் அவர் கரமும் வலுப்பெறும்.

முதுமைக்கு அயலார் துணை

இன்றைய கிராமங்களின் பெருங்கவலை முதுமை. பிள்ளைகள் பெங்களூரு, சென்னை, வெளிநாடு எனச் சென்றுவிட, பெற்றோர் தனித்திருக்கும் இல்லங்கள் பெருகி வருகின்றன. மாதந்தோறும் பணம் கணக்கில் வந்து சேர்ந்துவிடுகிறது. படுக்கையில் புரட்டிப் படுக்க வைக்கவும், புண்ணுக்கு மருந்திடவும், அருகமர்ந்து பேசவும் ஆள் வேண்டுமே!

இதற்குக் கேரளம் ஒரு வழி காட்டியது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து தொடங்கிய வலி நிவாரண, நோய்த் தணிப்புச் சங்கத்தின் அனுபவத்திலிருந்து, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மலப்புரம் உள்ளிட்ட வடமாவட்டங்களில் அண்டை அயலார் இணைந்த நோய்த் தணிப்பு வலையமைப்பு உருவாயிற்று. வாரத்தில் இரண்டு மணி நேரமேனும் ஒதுக்க முன்வருவோருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. பொதுமக்களின் சிறுசிறு நன்கொடைகள் அதனைத் தாங்கின. நாளடைவில் அரசு அதனைத் தன் கொள்கையாக ஏற்று, 2008இல் நோய்த் தணிப்புக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. ஊரார் முன்னே நடக்க, அரசு பின்தொடர்ந்த அரிய நிகழ்வு அது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்தை வீட்டுக்கே கொண்டு சேர்ப்போரில் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் முதன்மையானவர்கள்.

நம்மால் இயல்வன

வாசகர்கள் ஒவ்வொருவரும் தத்தம் நிலையில் ஆற்றக்கூடிய பணிகள் உள்ளன. தங்கள் ஊரின் சுகாதாரக் குழு உறுப்பினர்கள் யாவர், அடுத்த கூட்டம் எந்நாள் என்பதை ஆஷா பணியாளரிடம் கேட்டறியலாம். கிராம சபையில் சுகாதாரக் கணக்கை வாசிக்கும்படி வேண்டலாம். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் வங்கியாளர்களும் குழுவின் பதிவேடுகளையும் கணக்குகளையும் செம்மையாக எழுத உதவலாம்; எழுத்து வேலைக்கு அஞ்சியே செயலற்றுக் கிடக்கும் குழுக்களுக்கு இது பேருதவியாகும். ஊரை விட்டு வெளியே வாழ்வோர், ஆண்டுக்கொருமுறை திருவிழாவுக்கு அளிக்கும் நன்கொடையுடன், ஒரு காசநோயாளியின் ஆறு மாத உணவுக்கும் பொறுப்பேற்கலாம். நேரம் உள்ளோர் வாரத்தில் இரண்டு மணி நேரத்தைப் படுக்கையில் உள்ள ஓர் அயலாருக்கு அளிக்கலாம்.

இவற்றுள் எதுவும் பெரும்பொருள் வேண்டுவதன்று. மருத்துவம் நிபுணரின் கையில் இருக்கலாம்; நலம் ஊராரின் கையிலும் இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் நிரம்பியிருக்க வேண்டிய நாற்காலிகளில் ஒன்று நம்முடையது.