1,000 பவுண்டு-அடி டார்க் இருந்தும் நடுரோட்டில் நிற்பது ஏன்? அமெரிக்க டீசல் பிக்கப்களும் ஒரு சின்ன பம்பும்

நம்ம ஊரில் பிக்கப் என்றதும் தக்காளிப் பெட்டி ஏற்றிய குட்டி யானைதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் 'ஹெவி டூட்டி பிக்கப்' வேறு ரகம். படகு, குதிரை, பொக்லைன் என எதையும் டிரெய்லரில் மாட்டி இழுத்துக்கொண்டு போகும். ஃபோர்டு சூப்பர் டியூட்டி, ராம், ஜிஎம்மின் சில்வராடோ எச்டி ஆகியவைதான் முக்கியப் போட்டியாளர்கள்.

சண்டை டார்க்கில். 2019-ல் ராம் 3500-இன் 6.7 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின் 1,000 பவுண்டு-அடியைத் தொட்டது. அடுத்த ஆண்டே ஃபோர்டு 1,050 என்றது; 2023-ல் 1,200. அதாவது சுமார் 1,627 நியூட்டன் மீட்டர். நம்ம இன்னோவா கிரிஸ்டா டீசல் 343-தான்! ஜிஎம்மின் டூராமேக்ஸ் 2024-ல் 975. காகிதத்தில் அதுதான் கடைசி.

ஆனா பழைய வண்டி வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணை இல்லை, டீசல் பம்பை.

சிபி4 பம்பில் என்ன பிரச்சினை?

டீசலை 2,000 பார் அளவு அழுத்தத்தில் இன்ஜெக்டருக்கு அனுப்பும் பாஷ் நிறுவனத்தின் பம்ப் இது. இதற்குத் தனியாக ஆயில் கிடையாது. ஓடும் டீசலே மசகு. அமெரிக்க டீசலின் மசகுத் தரம் ஐரோப்பிய டீசலைவிடக் கொஞ்சம் குறைவு. தண்ணீரோ காற்றோ கலந்தால் இன்னும் மோசம். உள்ளே கேம் மீது உருளும் ரோலர் ஒருமுறை திரும்பிவிட்டால் போச்சு, இரும்பு இரும்பை அரைக்கும். அந்தத் தூள் இன்ஜெக்டர், குழாய், டேங்க் வரை பரவும். பம்பை மட்டும் மாற்றினால் புதுசும் கெட்டுவிடும். மொத்தமாக மாற்றினால் செலவு 10,000 டாலரைத் தொடலாம்.

ஃபோர்டு 6.7 டீசலில் 2011 முதல் இந்தப் பம்ப் வந்தது. டூராமேக்ஸில் 2011-16. ராம் இதற்கு மாறியது எப்போது தெரியுமா? 1,000-ஐத் தொட்ட அதே 2019-ல்! இரண்டே வருடத்தில் பழைய சிபி3-க்குத் திரும்பியது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

வண்டி இழுக்கவில்லை என்றால்?

ஸ்கேனரில் பி0087 என்று வந்தால் எரிபொருள் அழுத்தம் குறைவு என்று அர்த்தம். உடனே பதற வேண்டாம். அடைத்த ஃபில்டர்கூடக் காரணமாக இருக்கலாம். ஃபில்டரைக் கழற்றி, அதிலிருக்கும் டீசலை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். அடுத்து பம்பின் மேலிருக்கும் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றி வலையைப் பாருங்கள். ஜிகினா மாதிரி மின்னினால் எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. செய்தால் தூள் இன்னும் உள்ளே போகும்.

மின்னவில்லையா? ஃபில்டரை மாற்றி, தண்ணீர் பிரிப்பானை வடித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

எதை வாங்கலாம்?

என் ஓட்டு 2017-க்குப் பிந்தைய டூராமேக்ஸுக்கு. அதில் டென்சோ பம்ப். 2021 ராமும் பரவாயில்லை. 2019-20 ராம் என்றால், 17 இலக்க வின் எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் போட்டு, அந்த வண்டிக்கு பம்ப் மாற்றியாச்சா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.