மரத் தரையில் மூட்டும் நெருப்பு

தால் ஏரி படகு வீடுகளில் குளிரை விரட்டும் புகாரி அடுப்பு, கொஞ்சம் அசந்தால் படகையே விழுங்கிவிடுகிறது.

ஸ்ரீநகரில் டிசம்பர் 21-ம் தேதி ‘சில்லை கலான்’ தொடங்குகிறது. நாற்பது நாள் கடுங்குளிர். தால் ஏரியின் ஓரங்களில் தண்ணீர் உறைந்து கிடக்கும். படகு வீட்டில் தங்க வரும் வெளியூர்க்காரர் உள்ளே நுழைந்ததும் கேட்பது சாப்பாட்டை அல்ல, நெருப்பைத்தான். வரவேற்பறையில் புகாரி மூட்டப்படுகிறது. தகரத்தில் செய்த உருளை அடுப்பு அது. உள்ளே விறகு, புகை வெளியேற, கூரை வரை ஒரு குழாய். சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ வந்தவருக்கு அது போதாது. இன்னும் இரண்டு கட்டை போடச் சொல்கிறார்.

அடுப்பு நிற்பது தேவதாருப் பலகை மீது. சுவரும் தேவதாரு. தலைக்கு மேலே, சின்னச் சின்ன மரத் துண்டுகளை ஆணி இல்லாமல் கோத்துச் செய்யும் ‘கதம்பந்த்’ விதானம். போதாததற்குக் கம்பளங்களும் திரைச்சீலைகளும். பல பத்தாண்டுகள் தண்ணீரில் கிடந்தும் தேவதாரு அழுகாமலிருக்க அதிலுள்ள எண்ணெய்ப் பசை உதவுகிறது. நெருப்பு பற்றிவிட்டால் எரிபொருளாவதும் அதே எண்ணெய்தான்.

2022 ஏப்ரலில் பக்கத்து நிகீன் ஏரியில் ஏழு படகு வீடுகள் எரிந்துபோயின. 2023 நவம்பர் 11 விடியற்காலையில் தால் ஏரியில் ஐந்து. அதில் வங்கதேசத்திலிருந்து வந்திருந்த மூன்று சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். ஒரு படகில் அறையைச் சூடாக்கும் சாதனத்தில் ஏற்பட்ட கோளாறே காரணமாக இருக்கலாம் என்று அப்போது சொல்லப்பட்டது. சுற்றிலும் தண்ணீர்தான், ஆனால் படகுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன, தீயணைப்பு வண்டியோ கரையோடு நின்றுவிடுகிறது.

பயமுறுத்துவது கண்ணுக்குத் தெரியும் சுவாலை அல்ல, அடுப்புக்கு அடியில் நடப்பது. புகாரிக்குக் கீழே ஒரு தகரத் தகடு போட்டுவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். தகடு, தெறிக்கும் பொறியைத்தான் தடுக்கும்; சூட்டை அப்படியே கீழே கடத்திவிடும். மரம் பற்றுவதற்குச் சாதாரணமாக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் மிதமான சூட்டில் வாட்டப்படும் பலகை ஈரம் வற்றி, மெள்ள மெள்ளக் கரியாகிறது. கரியான மரத்துக்கு அவ்வளவு சூடு தேவையில்லை. ஆகவே பத்துக் குளிர்காலம் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வது சமாதானமே அல்ல. பதினோராவது குளிர்காலத்துக்கு அந்தப் பலகை தயாராகிக்கொண்டிருக்கிறது. தகட்டைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்: அடியில் மரம் காபிப்பொடி நிறத்துக்கு வந்திருந்தால் அடுப்பை அன்றே நகர்த்த வேண்டும்.

அடுப்புக்குக் கால்கள் இருக்க வேண்டும். காலுக்குக் கீழே செங்கல். செங்கல்லுக்கும் பலகைக்கும் நடுவே காற்று புகுந்து போக இடைவெளி. சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி நிற்பது நல்லது. குழாய் கூரையைத் துளைத்துச் செல்லும் இடத்தில் மரத்தைத் தொடவே கூடாது. குழாயின் உட்புறம் படியும் புகைக்கரியும் எரியக்கூடியது. ஈர விறகு போட்டால் இன்னும் சீக்கிரம் படியும். குளிர்காலம் தொடங்குமுன் சுத்தம் செய்தாக வேண்டும்.

சாம்பலை யாரும் பொருட்படுத்துவதில்லை. மேலே வெளுத்துப்போன சாம்பல், உள்ளே கங்கை ஒரு நாளைக்கு மேலும் உயிரோடு வைத்திருக்கும். காங்கிரி வேலை செய்வதே இந்த ரகசியத்தில்தான். பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, அதில் சாம்பல் மூடிய தணல். நம் கும்முட்டி அடுப்பைக் கையில் தூக்கிக்கொண்டு திரிவதைப் போல. காஷ்மீரிகள் அதை ஃபெரன் அங்கிக்குள் வைத்துக்கொண்டே நடமாடுவார்கள், சிறுவயதுப் பழக்கம். அதைப் பார்த்துவிட்டு விருந்தாளியும் ஒன்று வாங்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிப்போவது வினையை விலைக்கு வாங்குவதுதான். புகாரியின் சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகு, கரைக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அட்டைப் பெட்டியில் போட்டுப் படகின் முன்தளத்தில் வைப்பதைவிட அபாயம் வேறில்லை.

இன்னொரு ஆபத்துக்குச் சுவாலையும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேர்கிறது. 2025 ஜனவரி 5 அன்று ஸ்ரீநகரில் ஒரு வாடகை வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். வெப்பமூட்டும் கருவி மீதுதான் சந்தேகம் விழுந்தது. ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வைக்கச் சொன்னால், காசு கொடுத்துக் குளிரை வாங்கவா வந்தோம் என்று விருந்தாளிகள் கோபிக்கிறார்கள். இரவில் அடுப்பை அணைக்க வந்தால் வேண்டாம் என்கிறார்கள். வாடிக்கையாளர் முகம் சுளித்தால் படகுக்காரரால் என்ன செய்ய முடியும்? பலரும் கேட்டதைக் கொடுத்துவிடுகிறார்கள்.

கேட்க வேண்டியது இன்னொரு ரஜாயும் ஒரு வெந்நீர்ப் பையும். தூங்கப் போகுமுன் புகாரியை அணைத்துவிட்டுப் போகும்படி நீங்களே சொல்லலாம். வெளியே போகும் வழி எது, பக்கத்துப் படகுக்குப் பலகை எங்கே போட்டிருக்கிறது என்பதை வெளிச்சத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.