ஊருக்கே வந்த வேலை

எங்கள் ஏற்காட்டில் கணினி வேலையை விரும்பும் பெண், பெரும்பாலும் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் செல்லவேண்டும். "பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா?" எனப் பெற்றோர் தயங்கினால், திறமையிருந்தும் அவள் வீட்டிலேயே இருந்துவிடுவாள். ஆகவே, 'யாவரும் வரலாம்' என்று ஒரு நிறுவனம் அறிவித்தால் மட்டும் போதுமா?

போதாது என உணர்ந்தவர் சலோனி மல்ஹோத்ரா. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவுடன் 2007-ஆம் ஆண்டு அவர் தொடங்கிய 'தேசிக்ரூ' நிறுவனம், திருவாரூர் மாவட்டத்துக் கொல்லுமாங்குடி போன்ற சிற்றூர்களுக்கே அலுவலகத்தைக் கொண்டு சென்றது. கணினியில் விவரங்களைப் பதியும் பணியைக் கிராமத்துப் பெண்கள் கற்றனர். வீட்டைப் பிரியாமலே தம் உழைப்பால் ஊதியம் பெற்றனர்.

அத்தகைய அலுவலகம் நம் மலைக்கும் வரவேண்டும். வரும் நாளில் அதற்குத் தகுதியுள்ளவர்களாய் நிற்க, தோழியரே, இன்றே கருத்துடன் கற்போமாக!