தன்னார்வலர் என்கிறது அரசு. ஊழியர் என்கிறார்கள் ஆஷாக்கள்

புது தில்லி: நாடாளுமன்றக் கூட்டத் தொடர்களில் அடிக்கடி இடம்பெறும் கேள்விகளில் ஒன்று, ஆஷா பணியாளர்களின் ஊதியம் பற்றியது. கேட்கும் உறுப்பினர் மாறுவார், அவரது கட்சியும் மாறும். மத்திய சுகாதார அமைச்சகத்தின் எழுத்துமூலப் பதிலில் மட்டும் சாரம் மாறுவதில்லை. ஆஷாக்கள் தன்னார்வலர்கள், செய்யும் பணிக்கு ஏற்ப ஊக்கத்தொகை பெறுபவர்கள், எனவே மாத ஊதியம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதுதான் அது.

ஊதியம் இல்லாத ஒரு வேலையில் சுமார் 10 லட்சம் பெண்கள் எதற்காக நீடிக்கிறார்கள்? இந்தக் கேள்வியை அவையில் யாரும் அதிகம் எழுப்புவதில்லை.

2005 ஏப்ரலில் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கப்பட்டபோது ஆஷா திட்டமும் அதன் பகுதியாக வந்தது. 2002-இல் சத்தீஸ்கர் மாநிலம் தொடங்கிய மிதானின் திட்டம் இதற்கு முன்னோடி. ஆயிரம் பேருக்கு ஒருவர் வீதம் 25 முதல் 45 வயதுக்குள்பட்ட, அதே கிராமத்தில் வசிக்கும் பெண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. திருமணமானவர், கணவரை இழந்தவர், மணமுறிவு பெற்றவர் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு. காரணம் எளிது. ஊரின் மகள் திருமணமாகி வேறு ஊருக்குப் போய்விடுவாள், மருமகள் அங்கேயே இருப்பாள். ஆஷாவுக்கும் அவரது பணிக்கும் உள்ள பிணைப்பின் முதல் முடிச்சு இந்த விதியிலேயே விழுந்துவிட்டது எனலாம்.

கிராம சுகாதார செவிலியர் அமைப்பு ஏற்கெனவே வலுவாக இருந்த தமிழகத்தில், பழங்குடியினர் வாழும் மலைப் பகுதிகள் போன்ற சில இடங்களில் மட்டுமே ஆஷாக்கள் உள்ளனர். ஆகவே நம் வாசகர்களுக்கு இவர்களின் அன்றாடம் அதிகம் பழக்கமில்லாதது.

கர்ப்பிணியைப் பதிவு செய்வது, மருத்துவமனைக்கு உடன் செல்வது, குழந்தை பிறந்த பின் 42-ஆவது நாள் வரை வீடு தேடிச் சென்று பார்ப்பது, தடுப்பூசிக்கு அழைத்து வருவது, காசநோயாளி மாத்திரையை விடாமல் உண்கிறாரா எனக் கவனிப்பது என வேலை நீள்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. பின்தங்கிய மாநிலங்களின் கிராமப்புறங்களில் ஒரு பிரசவத்தை மருத்துவமனையில் நடக்கச் செய்தால் ரூ.600. அதில் பாதி, கர்ப்பகாலப் பரிசோதனைகளுக்கு அழைத்துச் சென்றதற்கானது. பச்சிளம் குழந்தையை ஆறு முறை சென்று பார்த்தால் ரூ.250.

விலைப்பட்டியலில் இல்லாத வேலைகள்தான் பெரும்பாலும் கடினமானவை. மருத்துவமனை வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்கும் மாமியாரிடம் நான்கு நாள் பேசிப் பார்ப்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. நள்ளிரவில் வண்டி பிடித்து அழைத்துச் சென்ற பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையம் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டால், விடியும் வரை வராந்தாவில் காத்திருப்பதும் கணக்கில் வராது.

ஆனாலும் வட மாநிலக் கிராமங்களில் 'ஆஷா தீதி' என்று மரியாதையாக அழைக்கப்படுவதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. வீட்டு வாசலைத் தாண்டவே அனுமதி கேட்க வேண்டியிருந்த பெண்ணுக்கு, இரவில்கூட வெளியே செல்லும் உரிமையை இந்தப் பணி தந்தது. சொந்தக் கையில் முதன்முதலாகப் பணம் வந்தது. அந்த அறிமுகத்தைக் கொண்டே பஞ்சாயத்துத் தேர்தலில் நின்று வென்றவர்களும் உண்டு. தாங்கள் செய்வதன் பலன் அவர்களின் கண்முன்னே வளர்ந்து பள்ளிக்குச் செல்கிறது. தேசிய குடும்பநல ஆய்வின்படி 2005-06-இல் 38.7 சதவீதமாக இருந்த மருத்துவமனைப் பிரசவங்கள், 2019-21-இல் 88.6 சதவீதமாக உயர்ந்தன. இந்த உயர்வுக்குத் தாய்மார்களுக்கான நிதியுதவி, ஆம்புலன்ஸ் வசதி என வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வீட்டுக் கதவைத் தட்டியது ஆஷாதான்.

இந்தப் பற்று எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை கொரோனா காலம் சோதித்துப் பார்த்தது. வீடு வீடாகக் கணக்கெடுக்க அனுப்பப்பட்டவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது மாதம் ரூ.1,000. பாதுகாப்புக் கவசமும் நிலுவைத் தொகையும் கேட்டு 2020 ஆகஸ்டில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது அறிவித்தபோது தில்லியில் பாராட்டுகள் குவிந்தன. பாராட்டுக்கு நிதித் துறையின் ஒப்புதல் தேவையில்லை அல்லவா!

மாநிலங்கள் தத்தம் வழியில் சென்றன. ஆந்திரம் 2019-இல் மாத வருவாயை ரூ.10,000 ஆக்கியது. 2025-இல் ஓய்வு வயதை 62 ஆக உயர்த்தியதுடன் பணிக்கொடையும் அறிவித்தது. கேரளத்தில் ரூ.21,000 மதிப்பூதியம் கேட்டு 2025 பிப்ரவரி 10-இல் தலைமைச் செயலகம் முன்பு தொடங்கிய போராட்டம் எட்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. கிடைத்தது ரூ.1,000 உயர்வு. ரூ.7,000 என்பது ரூ.8,000 ஆனது. வேலையில் பற்று இல்லாதவர்கள் விலகிப் போயிருப்பார்கள், வெயிலிலும் மழையிலும் எட்டு மாதம் பந்தலில் அமர்ந்திருக்க மாட்டார்கள்.

இவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013-இல் தில்லியில் கூடிய 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அரசு, தொழிற்சங்கம், முதலாளிகள் என முத்தரப்பும் அமரும் அவை அது. பரிந்துரை பரிந்துரையாகவே நின்றது. அங்கன்வாடி ஊழியர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என 2006-இல் கூறிய உச்ச நீதிமன்றம், 2022 ஏப்ரலில் அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்தக் கதவு தங்களுக்கும் திறக்கும் என்று ஆஷாக்களின் சங்கங்கள் எதிர்பார்க்கின்றன.

வழக்கமான பணிகளுக்கான மாதாந்திர ஊக்கத்தொகையை 2018-இல் ரூ.2,000 ஆக்கிய மத்திய அரசு, 2025-இல் ரூ.3,500 ஆக உயர்த்த முடிவு செய்தது. பத்து ஆண்டுகள் பணியாற்றி விலகுவோருக்கான தொகை ரூ.20,000-லிருந்து ரூ.50,000 ஆகிறது. 2005-இல் நாற்பது வயதில் சேர்ந்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டனர். அவர்களின் இடத்துக்கு வரும் இளம் பெண்களோ பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்கள். பல மாநிலங்களில் செவிலியர் பயிற்சிச் சேர்க்கையில் ஆஷாக்களுக்கு முன்னுரிமை உண்டு என்பதால், அவர்களில் சிலருக்கு இது செவிலியர் வேலைக்கான படிக்கட்டு. இருபது ஆண்டுகள் உழைத்து விடைபெறும் மூத்தவருக்கு அந்த ரூ.50,000, ஆண்டுக்கு ரூ.2,500 என்ற கணக்கில் வரும்.